பபாபிலே: பாப்பரசராகத் தக்கவர் யார்?

2025-ம் ஆண்டு ஏப்ரல் 21-ம் நாள், பாஸ்கு திருநாளுக்கு மறுநாள், பரிசுத்த தந்தை பிரான்சிஸ் இறைவனடி சேர்ந்தார். அடுத்த சில நாட்களுக்கு உலகத்துச் செய்தித்தாள்கள் எல்லாவற்றிலும் ஒரு விந்தையான சொல் அடிபட்டது. இவர் ஒரு பபாபிலே, அவரும் ஒரு பபாபிலே, இந்த நாட்டிலிருந்து இரண்டு பபாபிலே உண்டு என்றெல்லாம் எழுதினார்கள். படங்களோடு பட்டியல்களும் வந்தன. வாசித்தவர்களில் பலர் அது ஏதோ திருச்சபைப் பதவியின் பெயர் என்றே எண்ணியிருப்பார்கள். ஆனால் அப்படி ஒரு பதவி இல்லை. திருச்சபைச் சட்ட நூலைப் புரட்டினாலும் இந்தச் சொல் அகப்படாது. அப்படியானால் இது எங்கிருந்து வந்தது? இதன் பொருள் என்ன?

பபாபிலே என்பது இத்தாலிய மொழிச் சொல். ஒருவரைக் குறித்தால் பபாபிலே. பலரைக் குறித்தால் பபாபிலி. இச்சொல்லில் இரண்டு பகுதிகள் உள்ளன. முதற்பகுதி 'பாப்பா', அதாவது பாப்பரசர். இது கிரேக்க மொழியில் சிறு குழந்தைகள் தகப்பனாரை அழைக்கும் சொல்லிலிருந்து இலத்தீனுக்கு வந்தது. நாம் 'அப்பா' என்பது போன்றதுதான். (நம் வீடுகளில் பாப்பா என்றால் குழந்தை, அங்கே குழந்தை கூப்பிடும் தகப்பன்! மொழிகளின் வேடிக்கையைப் பாருங்கள்.) ஆதித் திருச்சபையில் மேற்றிராணிமார் பலரையும் இப்பெயரால் அழைத்தனர். அலெக்சாந்திரியா நகரத்துக் கோப்து திருச்சபையின் தலைவரை இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள். மேற்கு நாடுகளில் மட்டும் அது சிறிது சிறிதாக உரோமாபுரி மேற்றிராணியாருக்கே உரிய பெயராயிற்று. அந்தப் 'பாப்பு'வோடு நம் முன்னோர் 'அரசர்' என்பதைச் சேர்த்துப் பாப்பரசர் என்றார்கள்.

இரண்டாம் பகுதி 'ஆபிலே' என்ற விகுதி. இத்தாலியில் குடிநீர்க் குழாய்களின் மேல் 'பொத்தாபிலே' என்று எழுதியிருக்கும். குடிக்கத்தக்கது என்று பொருள். சலவை செய்யத்தக்க துணி 'லவாபிலே'. அன்பு செய்யத்தக்கவர் 'அமாபிலே'. அந்த வரிசையில் வருவதுதான் பபாபிலே. இந்த விகுதி பெரும்பாலும் வினைச்சொல்லோடு சேரும். குடித்தல், துவைத்தல், அன்பு செய்தல் எல்லாம் வினைகள். பாப்பரசர் என்பதோ பெயர்ச்சொல். பெயரைப் பிடித்து வினைபோல் வளைத்து விகுதியை ஒட்டியிருப்பதால் சொல்லிலேயே ஒரு சிறு குறும்பு தொனிக்கிறது. குருமடத்துப் பண்டிதர்கள் உட்கார்ந்து ஆக்கிய சொல்லாக இது தோன்றவில்லை. உரோமாபுரியின் தெருக்களில் பிறந்த சொல்லாகவே தோன்றுகிறது.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? 'பாப்பரசர் பதவிக்கு வேட்பாளர்' என்று சிலர் எழுதியிருந்தார்கள். அது சரியன்று என்பது என் எண்ணம். வேட்பு என்றால் விருப்பம். தேர்தலில் ஒரு பதவியை விரும்பி, அந்த விருப்பத்தை மனுவாக எழுதிக் கொடுப்பவர் வேட்பாளர். பழைய உரோமாபுரியிலும் பதவி நாடியவர்கள் சுண்ணம் பூசி வெளுத்த வெள்ளாடை அணிந்து மக்களிடையே வலம் வந்தார்கள். இலத்தீனில் 'கந்திதுஸ்' என்றால் வெண்மை. ஆங்கிலேயர் வேட்பாளரைக் 'கேண்டிடேட்' என்பது அந்த வெள்ளாடையால் வந்த பெயரே. பபாபிலே என்ற சொல்லில் இந்த விருப்பத்துக்கு இடமே இல்லை. குடிக்கத்தக்க தண்ணீர் தன்னைக் குடிக்கும்படி யாரையும் கேட்பதில்லை அல்லவா? அதுபோலவே பபாபிலே என்பவர் 'பாப்பரசராக விரும்புகிறவர்' அல்லர். 'பாப்பரசராக ஆக்கப்படத்தக்கவர்' என்று பிறர் கருதுகிறவர். இந்த வேற்றுமை சிறிதாகத் தோன்றினாலும், பாப்பரசர் தேர்தலின் உயிர்நாடியே அதில்தான் இருக்கிறது. அங்கே வேட்புமனு கிடையாது, பிரசாரம் கிடையாது, சின்னம் கிடையாது. 2-ம் அருள் சின்னப்பர் 1996-ம் ஆண்டில் வெளியிட்ட சட்டத்தின்படி, இன்னாருக்கே வாக்களிப்போம் என்று தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ளும் கர்தினால்மார் திருச்சபைக்குப் புறம்பாவார்கள். அவ்வளவு கண்டிப்பு!

சரி, மக்கள் பேச்சு ஒருபுறம் இருக்கட்டும். சட்டம் யாரைத் தக்கவர் என்கிறது? ஆச்சரியம் என்னவென்றால், சட்டம் கேட்பது மிகவும் கொஞ்சமே. ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்க ஆணாகவும், மேற்றிராணியார் பட்டம் பெறக்கூடியவராகவும் இருந்தால் போதும். கர்தினாலாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர் மேற்றிராணியாராக இல்லாவிட்டால் உடனே அவருக்கு அப்பட்டம் கொடுக்கப்பட வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. அப்படி எழுதியிருப்பதே, வேறு ஒருவரும் தேர்ந்தெடுக்கப்படலாம் என்பதற்குச் சான்று. எண்பது வயதைக் கடந்த கர்தினால்மார் வாக்களிக்க முடியாது. 6-ம் சின்னப்பர் 1970-ல் செய்த ஏற்பாடு இது. ஆயினும் அவர்களையும் தேர்ந்தெடுக்கத் தடையில்லை.

பழைய சரித்திரத்தில் இதற்கு எடுத்துக்காட்டுகள் நிறைய உண்டு. 236-ம் ஆண்டில் புதிய பாப்பரசரைத் தெரிந்துகொள்ள உரோமாபுரிக் கிறிஸ்தவர்கள் கூடியிருந்தார்கள். பெரிய மனிதர்கள் பலருடைய பெயர்கள் அவர்கள் மனதில் இருந்தன. நாட்டுப்புறத்திலிருந்து வந்திருந்த பபியான் என்பவரை யாரும் நினைக்கவேயில்லை. திடீரென ஒரு புறா பறந்து வந்து அவர் தலைமேல் அமர்ந்ததாம். கூட்டம் முழுவதும் ஒரே குரலில் 'இவரே தக்கவர்' என்று ஆர்ப்பரித்ததாம். எவுசேபியுஸ் என்ற பழைய சரித்திர ஆசிரியர் இதை எழுதி வைத்திருக்கிறார். பபியான் பதினான்கு ஆண்டுகள் திருச்சபையை நடத்தி, 250-ம் ஆண்டில் தேசியுஸ் மன்னனின் கலாபனையில் வேதசாட்சியாக மரித்தார்.

புறா எப்போதும் வருவதில்லையே! 1268-ல் ஒரு பாப்பரசர் இறந்த பிறகு, வித்தெர்போ நகரில் கூடிய கர்தினால்மார் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஒரு முடிவுக்கும் வரவில்லை. ஊர் மக்கள் பொறுமை இழந்து அவர்களை உள்ளே வைத்துப் பூட்டினார்கள், உணவைக் குறைத்தார்கள், கூரையையும் பிரித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. இறுதியில் 1271-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அந்தக் கூட்டத்திலேயே இல்லாதவர். தெபால்தோ விஸ்கோந்தி என்ற அவர் அப்போது புண்ணிய பூமியில் இருந்தார். கர்தினாலும் அல்லர், மேற்றிராணியாரும் அல்லர், குருப்பட்டம்கூட அதுவரை பெறாதவர்! அவரே 10-ம் கிரகோரியார். தம் தேர்தலுக்குப் பிடித்த காலத்தை எண்ணி வருந்தியோ என்னவோ, 1274-ல் லியோன் பொதுச்சங்கத்தில் அவர் ஒரு சட்டம் செய்தார். கர்தினால்மாரைப் பூட்டி வைக்க வேண்டும். மூன்று நாளில் முடிவு வராவிட்டால் ஒரே ஒரு கறி. மேலும் ஐந்து நாள் சென்றால் அப்பமும் தண்ணீரும் திராட்சை இரசமும் மாத்திரமே. பாப்பரசர் தேர்தலுக்குக் 'கான்கிளேவ்' என்ற பெயர் வந்ததும் இந்தப் பூட்டினால்தான். 'கும் கிளாவே' என்றால் இலத்தீனில் 'சாவியோடு' என்று பொருள்.

அதே நூற்றாண்டில் நடந்த இன்னொரு நிகழ்ச்சி என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. 1292 முதல் 1294 வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேல், மறுபடியும் பாப்பரசர் இல்லாத நிலை. மலைக் குகையில் தவம் செய்த பீத்தர் என்ற முதிய துறவி, இப்படித் தாமதித்தால் கடவுளின் கோபம் வரும் என்று கர்தினால்மாருக்கு எச்சரிக்கை விடுத்தார். அவர்களோ அவரையே பாப்பரசராகத் தெரிந்துகொண்டார்கள்! அவர் 5-ம் செலஸ்தீன் என்ற பெயருடன் பதவி ஏற்றார். பரிசுத்தர், செபமும் தபசுமாக வாழ்ந்தவர். இவரைவிடத் தக்கவர் யார் என்றே எல்லோரும் எண்ணியிருப்பார்கள். ஆனால் அரசர்களின் சூதும் அலுவலகக் காகிதங்களும் அவருக்குப் பிடிபடவில்லை. ஐந்தே மாதங்களில், 1294 டிசம்பர் 13-ம் நாள், பதவியைத் துறந்தார். 1313-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டது. புனிதராக இருப்பதற்கு வேண்டியது ஒன்று, ஆட்சி செய்வதற்கு வேண்டியது வேறொன்று போலும். தம்மால் இயலாது என்று சொல்லி இறங்கியதையும் நான் அவருடைய புனிதத்தோடு சேர்த்தே எண்ணுகிறேன்.

கர்தினால் அல்லாதவர்களில் கடைசியாகப் பாப்பரசரானவர் 6-ம் உர்பான். ஆண்டு 1378. இவருடைய கதை வேறு. அலுவல்களில் நல்ல தேர்ச்சி உள்ளவர், அடக்கமானவர் என்று நம்பித் தேர்ந்தெடுத்தார்கள். பதவிக்கு வந்தபின் அவருடைய கோபமும் கடுஞ்சொல்லும் கர்தினால்மாரை வெருட்டின. அவர்கள் பிரிந்துபோய் வேறொருவரைப் பாப்பரசர் என்று அறிவித்தார்கள். அந்தப் பிளவு தீர 1417 வரை ஆயிற்று.

'ஞானஸ்நானம் பெற்ற ஆண்' என்ற சொற்களை வாசித்தபோது நம் பள்ளித் தோழியர் பலருக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். குருப்பட்டம் ஆண்களுக்கே என்பது திருச்சபையின் சட்டம். ஆதலால் இந்தப் பட்டியலில் பெண்களுக்கு இடமில்லை. வாக்களிப்பவர்களிலும் இல்லை. ஆனால் மேலே சொன்ன 6-ம் உர்பானின் காலத்திலேயே ஒரு பெண்ணின் குரல் பாப்பரசர்களின் செவியில் ஒலித்ததை மறக்கக்கூடாது. சியன்னா நகரில் ஒரு சாயக்காரரின் மகளாகப் பிறந்த புனித கத்தரீனம்மாள், பிரான்ஸ் நாட்டின் அவிஞோன் நகரில் தங்கியிருந்த 11-ம் கிரகோரியாரிடம் 1376-ல் நேரில் சென்று, உரோமாபுரிக்குத் திரும்பும்படி மன்றாடினார். 1377-ல் அவரும் திரும்பினார். அடுத்து வந்த உர்பானுக்கு, 'கோபத்தை அடக்கும்' என்று அம்மையார் கடிதம் எழுதினார். அவரை விட்டு ஓடிய கர்தினால்மாருக்கோ அதைவிடக் கடுமையாக எழுதினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. யார் தக்கவர் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு இல்லை. தெரிந்துகொள்ளப்பட்டவர் தக்கவராக நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் துணிவு இருந்தது. 1970-ல் 6-ம் சின்னப்பர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

இனி மக்கள் பேச்சுக்கு வருவோம். அடுத்த பாப்பரசர் யார் என்று ஊகிப்பது உரோமாபுரி மக்களுக்குப் பழைய பொழுதுபோக்கு. வெறும் பேச்சாக இருந்தாலும் பரவாயில்லை, பந்தயப் பணமும் கட்டினார்கள்! அது எவ்வளவு முற்றிப்போயிருந்தால், 14-ம் கிரகோரியார் 1591-ல் 'பாப்பரசர் தேர்தலை வைத்துப் பந்தயம் கட்டுவோர் திருச்சபைக்குப் புறம்பாவர்' என்று ஆணையிட்டிருப்பார்! 2025-லும் வெளிநாடுகளில் பந்தயம் நடந்ததாகச் செய்தி வந்தது. பழக்கம் விடாது போலிருக்கிறது.

அந்த மக்களே இன்னொரு பழமொழியும் வைத்திருக்கிறார்கள்: பாப்பரசராகக் கான்கிளேவுக்குள் நுழைபவர் கர்தினாலாக வெளியே வருவார். ஊர் முழுவதும் இவரே அடுத்தவர் என்று சொல்லி அனுப்பினால், அவர் போனபடியே திரும்புவார் என்று அர்த்தம். இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் 1903-ம் ஆண்டு. 13-ம் சிங்கராயர் இறந்தபோது எல்லோர் வாயிலும் இருந்த பெயர் கர்தினால் ரம்பொல்லா. இறந்த பாப்பரசருக்கு வலக்கை போன்றவர், அரசியல் அறிந்தவர். முதல் வாக்கெடுப்பில் அவருக்கு 24 வாக்குகள். வெனிஸ் நகரத்துக் கர்தினால் சார்த்தோவுக்கு ஐந்தே ஐந்து. வாக்களித்தவர்கள் 62 பேர். வெற்றிக்கு 42 வேண்டும். அப்போது கிராக்கோவ் நகரத்துக் கர்தினால் எழுந்து, ஆஸ்திரிய மன்னருக்கு ரம்பொல்லாவை ஏற்கச் சம்மதமில்லை என்று அறிவித்தார். சில கத்தோலிக்க மன்னர்கள் அப்படி ஒரு தடை உரிமையைக் கொண்டாடி வந்தார்கள். கர்தினால்மார் வெகுண்டார்கள், ஆனாலும் வாக்குகள் மெல்ல மெல்லச் சார்த்தோ பக்கம் சாய்ந்தன.

இந்தச் சார்த்தோ யார்? ரியேசே என்ற சிற்றூரில் தபால் சேவகருக்கும் தையல் வேலை செய்த தாய்க்கும் பிறந்த மகன். வெனிஸிலிருந்து புறப்படும்போது, போகவர இரண்டுக்கும் சேர்த்தே இரயில் டிக்கெட் வாங்கினார் என்று சொல்வார்கள். தம் பெயர் உயர உயர அவர் கண்ணீர் விட்டு, 'நான் தகுதியற்றவன், என்னை விட்டுவிடுங்கள்' என்று கர்தினால்மாரை மன்றாடினார். ஆகஸ்ட் 4-ம் நாள் 50 வாக்குகளால் அவரே பாப்பரசரானார். அவர்தான் புனித 10-ம் பத்திநாதர். மறு ஆண்டே, 1904-ல், மன்னர்களின் அந்தத் தடை உரிமையை அடியோடு ஒழித்தார். 1910-ல், விவரம் தெரியும் வயதான ஏழு வயதளவிலேயே குழந்தைகள் தேவநற்கருணை வாங்கலாம் என்று அறிவித்தார். அதற்கு முன்னே பத்து, பன்னிரண்டு வயது வரைகூடக் காத்திருக்க வேண்டியிருந்தது. நம் பள்ளிச் சிறுமியர் வெள்ளை உடையும் மலர் முடியுமாகப் புதுநன்மை வாங்குவது, 1903-ல் முதல் நாள் ஐந்து வாக்கு மட்டும் பெற்ற அந்த மனிதரால். அந்த டிக்கெட்டின் மறுபாதி மட்டும் அவருக்குப் பயன்படவேயில்லை.

பழமொழி எப்போதும் பலிப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1939-ல் எல்லோரும் எதிர்பார்த்த பச்செல்லி ஒரே நாளில் தேர்ந்தெடுக்கப்பட்டு 12-ம் பத்திநாதரானார். 1963-ல் எதிர்பார்க்கப்பட்ட மொந்தீனி 6-ம் சின்னப்பரானார். 2005-ல் ராட்சிங்கரும் அவ்வாறே 16-ம் பெனடிக்ட் ஆனார். மாறாக, 1978 அக்டோபரில் போலந்து நாட்டு வொய்த்தீவா 2-ம் அருள் சின்னப்பர் ஆனபோது உலகமே திகைத்தது. 455 ஆண்டுகளாக இத்தாலியர் அல்லாத ஒருவர் அந்த ஆசனத்தில் அமர்ந்ததில்லை.

2025-ல் என்ன நடந்தது? பட்டியல்களின் தலையில் இத்தாலியரான பரோலினும் பிலிப்பீன்ஸ் நாட்டு தாக்லேயும் இருந்தார்கள். அமெரிக்க ஐக்கிய நாட்டவர் ஒருவர் பாப்பரசராகமாட்டார் என்பது நெடுநாளைய கருத்து. வல்லரசின் கையில் திருச்சபையும் போய்விடலாகாது என்று காரணமும் சொல்வார்கள். மே 7-ம் நாள் 133 கர்தினால்மார் சிஸ்தைன் சிற்றாலயத்துள் சென்றனர். நம் இந்தியாவிலிருந்து நால்வர் அதில் இருந்தனர். வேண்டிய வாக்குகள் 89. மறுநாளே, நான்காம் வாக்கெடுப்பில், சிக்காகோவில் பிறந்து பெரு நாட்டு ஏழை மக்களிடையே நீண்டகாலம் உழைத்த அகுஸ்தீன் சபைத் துறவி ராபர்ட் பிரிவோஸ்ட் தெரிந்துகொள்ளப்பட்டு, 14-ம் லியோ என்ற பெயரை ஏற்றார். நம் பாட்டிமார் வழக்கப்படி சொன்னால் 14-ம் சிங்கராயர்.

ஒவ்வொரு கர்தினாலும் வாக்குச் சீட்டை எல்லோரும் காணும்படி உயர்த்திப் பிடித்துக்கொண்டு பீடத்துக்குச் செல்கிறார். அங்கே, கடவுளுக்கு முன்பாக யார் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று தம் மனசாட்சி சொல்கிறதோ அவருக்கே வாக்களிப்பதாகக் கிறிஸ்துநாதரைச் சாட்சியாக வைத்து ஆணையிடுகிறார். அவருக்கு எதிரே சுவர் முழுவதும் மைக்கேல் ஆஞ்சலோ தீட்டிய பொதுத்தீர்வை ஓவியம். கிறிஸ்துநாதர் கை ஓங்கி நிற்க, ஒருபுறம் மேலே ஏறுவோரும் மறுபுறம் கீழே விழுவோருமான காட்சி. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு பத்திரிகைப் பட்டியலை யார் நினைப்பார்கள்?

மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் ஒருவருக்குச் சேர்ந்தபின் அவரிடம் போய், இந்தத் தேர்தலை ஏற்றுக்கொள்கிறீரா என்று கேட்பார்கள். அவருடைய விருப்பம் முதன்முதலாகக் கேட்கப்படுவது அப்போதுதான். 'ஏற்கிறேன்' என்ற பின்னரே வெள்ளாடை. பழைய உரோமாபுரியில் பதவி கேட்குமுன் உடுத்தியதை, இங்கே பதவி வந்தபின் உடுத்துகிறார்கள். சிற்றாலயத்தை ஒட்டிய சிறிய அறையில் சிறியதும் நடுத்தரமும் பெரியதுமாக மூன்று வெள்ளை அங்கிகள் தயாராகத் தொங்கும். புதிய பாப்பரசர்கள் அங்கே கண்ணீர் விடுவதால் அதற்குக் கண்ணீர் அறை என்றே பெயர். 1958-ல் ஏறக்குறைய எழுபத்தேழு வயதில், பதினொன்றாம் வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கப்பட்ட 23-ம் அருளப்பர் நல்ல பருமனான சரீரம் உடையவர். நாம் இன்று தமிழில் பூசை காண வழிதிறந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைக் கூட்டியவர் அவரே. மூன்று அங்கிகளில் பெரியதும் அவருக்குப் போதவில்லை; முதுகுப்புறம் பிரித்து ஊசி குத்திச் சமாளித்து மாடத்துக்கு அனுப்பினார்கள் என்பார்கள். தையற்காரரின் பட்டியலிலும் அவர் இல்லை!